பார்த்துச் செய்யுங்க

நீங்க சாப்பிடுங்க சார், நான் பாட்டுக்கு ஒரு ஓரமா உக்காந்துக்கறேன். இந்த ஆஸ்பத்திரி முழுக்க நிழல்னு பார்த்தா இந்த ஒரு பெஞ்சுதான். கேன்டீன்ல உக்காரலாம்னு போனா, காப்பியைக் குடிச்சிட்டா எந்திரின்னு பார்வையாலேயே சொல்றான். தயிர்சாதமா? நல்லது. இந்த வெயிலுக்கு அதுதான் சரி. பேஷண்ட்டோட வந்தீங்களா? வீட்டம்மாவுக்கா? சரியாயிடும், கவலைப்படாதீங்க. பேர்போன ஆஸ்பத்திரி. நான் பேஷண்ட்டோட வரல. என் பொண்ணு டாக்டர். மேல, முதல் மாடியில இன்டர்வியூவுக்கு வந்திருக்கா. சுபாஷிணின்னு பேரு.

குழந்தை டாக்டர் சார். எம்.டி. முடிச்சவ. அதுக்கு மேல ஃபெல்லோஷிப்னு ஒண்ணு இருக்கு. குறைமாசத்துல பிறந்த பிள்ளைங்களைக் கண்ணாடிப் பெட்டியில வச்சுக் காப்பாத்தறாங்கள்ல, அதுக்குன்னே தனியாப் படிக்கிறது. இங்க இருக்கிறது ரெண்டே இடம். காலையில வார்டுல வச்சு ஒரு பரீட்சை. மத்தியானம் பெரியவங்க மூணு பேர் முன்னாடி உக்கார வச்சுக் கேள்வி கேப்பாங்களாம். அதுக்குத்தான் மேல காத்துக்கிட்டு இருக்கா.

நல்லாப் படிக்கிற பிள்ளை. அப்பன்ங்கறதுக்காகச் சொல்லல, யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. ஆனா ஒரு சின்ன விஷயம். எம்.டி. பரீட்சையில ரெண்டு தடவை... எப்படிச் சொல்றது... போயிடுச்சு. ஃபெயில்ங்கற வார்த்தை என் வாயில இன்னும் வர மாட்டேங்குது பாருங்க. ராஜபாளையத்துல நாங்க அப்படிச் சொல்லவே இல்ல. பரீட்சை எழுதல, மஞ்சள் காமாலைன்னு சொல்லிட்டோம். அதாவது நான் சொன்னேன். சொன்னதும் எதிர்வீட்டம்மா தினம் காலையில கீழாநெல்லியை அரைச்சு மோர்ல கலந்து டம்ளரோட வந்து நின்னுடுச்சு. குடிச்சு முடிக்கிற வரைக்கும் நகராது. எம்.டி. படிக்கிற பிள்ளை, இல்லாத காமாலைக்குக் கண்ணை மூடிக்கிட்டுக் கீழாநெல்லி குடிச்சா சார். எண்ணெய் கிடையாது, தாளிச்சது கிடையாது. வர்றவங்க எல்லாம் அவ கண்ணைக் கீழே இழுத்து மஞ்சள் இறங்கிடுச்சான்னு பார்க்கறாங்க. எனக்கே பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா சொன்னது சொல்லியாச்சே, என்ன பண்றது?

நான் மெடிக்கல் ரெப்பா இருந்து ரிட்டயர் ஆனவன் சார். தனுஷ்கோடின்னா விருதுநகர் ஜில்லாவுல டாக்டருங்களுக்கு நல்லாத் தெரியும். கறுப்புப் பையும் டையுமா, பேஷண்ட் எல்லாம் போன பிறகு அஞ்சு நிமிஷம் கிடைக்குமான்னு கதவுக்கு வெளிய நின்னே காலம் போச்சு. அதுல ஒண்ணு கத்துக்கிட்டேன். மாத்திரை நல்ல மாத்திரையா இருந்தா மட்டும் போதாது. நம்ம மாத்திரை அவருக்கு ஞாபகத்துல இருக்கணும். அதுக்கு ஒருத்தன் போய் நிக்கணும். சிரிக்கணும். அவர் கல்யாண நாளை நினைப்பு வச்சு ஸ்வீட் கொடுக்கணும். கிளம்பும்போது "கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க டாக்டர்"னு ஒரு வார்த்தை. இவ்வளவுதான் என் தொழில். இதுல என்ன சார் தப்பு? அந்த ஒரு வார்த்தையிலதான் அவளைப் படிக்க வச்சேன்.

முதல் தடவை பிராக்டிகலுக்கு வெளியூர்லேருந்து ஒரு எக்ஸாமினர் வந்தார். எந்த லாட்ஜ்ல தங்கியிருக்கார்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்ச பிறகு சும்மா இருக்க முடியுமா? நீங்களா இருந்தா இருப்பீங்களா? ஸ்ரீவில்லிபுத்தூர்ல சூடா பால்கோவா வாங்கி, அவ பரீட்சை நம்பரை ஒரு சீட்டுல எழுதி எடுத்துக்கிட்டுப் போனேன். மரியாதையாத்தான் பேசினார். பால்கோவாவை வாங்கிக்கிட்டார். சீட்டையும் வாங்கிச் சட்டைப் பையில வச்சுக்கிட்டார். வாங்கினா சரின்னுதானே அர்த்தம்? நான் வீட்டுக்கு வந்து நிம்மதியாத் தூங்கினேன்.

மறுநாள் என்ன நடந்துச்சுன்னு அவ என்கிட்டச் சொல்லல. கூடப் படிச்ச பொண்ணு சொல்லித்தான் தெரியும். ஒரு குழந்தையைக் காட்டுவாங்க சார். பார்த்து, தொட்டு, என்ன நோய்னு கண்டுபிடிச்சுப் பெரியவங்க முன்னாடி வந்து சொல்லணும். இவ போய் நின்னதும் அந்த மனுஷன் பையிலேருந்து சீட்டை எடுத்து மேஜை மேல வச்சிருக்கார். "பால்கோவா நல்லா இருந்துச்சும்மா. இப்ப கேஸைச் சொல்லு"ன்னிருக்கார். கூட இருந்தவங்க எல்லாம் சிரிச்சிருக்காங்க. இவளுக்கு ஒண்ணும் புரியல. சீட்டுல இருக்கிறது என் கையெழுத்துன்னு பார்த்த பிறகுதான் புரிஞ்சிருக்கு.

என்ன கேஸா? வயித்துக் கேஸ் சார். மண்ணீரல் வீங்கியிருக்கிறதைக் கையால தொட்டுப் பார்த்துச் சொல்லணும். முதல்ல தனியாப் பார்க்கும்போது சரியாத்தான் கண்டுபிடிச்சு வச்சிருக்கா. அவங்க முன்னாடி இன்னொரு தடவை தொட்டுக் காட்டச் சொன்னதும் கை நடுங்கிடுச்சு. கை சில்லுன்னு பட்டதுல குழந்தை வீல்னு கத்திடுச்சு. கத்தினா வயிறு இறுகிடும், ஒண்ணும் தட்டுப்படாதாமே. ஆமா ஆமா, நீங்க சொல்ற மாதிரிதான், காலை மடக்கி வச்சுப் பார்க்கணுமாம். அதையும் மறந்துட்டா. அட, உங்களுக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்கே! வீட்ல யாருக்காவது மண்ணீரல் தொந்தரவா? ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைஞ்சா நாமளே பாதி டாக்டர் ஆயிடுவோம், என்ன? சரி, கை நடுங்கறதுக்கு நான் என்ன சார் பண்ண முடியும்? தைரியம் வேணாமா ஒரு டாக்டருக்கு?

ரெண்டாவது தடவை என் வீட்டுக்காரி செண்பகம், "யாரையும் போய்ப் பார்த்தீங்கன்னா நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்"னு சொல்லிட்டா. சரின்னுட்டேன். சொன்ன சொல்லைக் காப்பாத்தினேன் சார். ஒருத்தரையும் போய்ப் பார்க்கல. போன்தான். அதுவும் நான் பண்ணல. முதல் தடவை நான் பண்ணின தப்பு என்னன்னா, நானே போனது. பெத்த அப்பன் போனா மதிப்பு இருக்காது. பெரிய மனுஷன் சொல்லணும். அதனால எங்க கம்பெனி பழைய மேனேஜர்கிட்டச் சொன்னேன். அவர் செய்வாரோ மாட்டாரோன்னு, எக்ஸாமினரோட மச்சான் ஒருத்தர் பழக்கம், அவர்கிட்டயும் சொன்னேன். ரெண்டு பேரும் நல்லவங்க. ரெண்டு பேருமே பேசிட்டாங்க. அதுவும் பரீட்சைக்கு முதல் நாள்.

இது வேற எக்ஸாமினர். அவர் கேட்டாராம், "யாரும்மா நீ, ஊரே உனக்காகப் போன் பண்ணுது? உனக்கே உன் மேல நம்பிக்கை இல்லையா?"ன்னு. இவ தலையைக் குனிஞ்சு நின்னாளாம். "எனக்குத் தெரியாது சார், நான் சொல்லச் சொல்லல"ன்னு அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே? அதைத்தான் நானும் கேட்டேன். "சொன்னா உங்களைக் காட்டிக் கொடுத்த மாதிரி ஆயிடும்ப்பா"ன்னா. இதுல காட்டிக் கொடுக்க என்ன இருக்கு? நான் என்ன திருடினேனா?

அன்னிலேருந்து என் முகத்தைப் பார்த்துப் பேசறதை நிறுத்திட்டா. தட்டுல சோறு போட்டா சாப்பிடுவா. கேட்டா பதில் சொல்லுவா. கோபமாத் திட்டினாக் கூடத் தேவலைன்னு இருந்துச்சு. ஒரே பொண்ணு சார். சின்னப் பிள்ளையில சாயங்காலம் என் பையைத் தூக்கிக்கிட்டு வாசல்ல நின்னு, "நான்தான் ரெப், டாக்டர் இருக்காரா?"ன்னு விளையாடுவா. அப்படி இருந்த பிள்ளை.

மூணாவது தடவை பாஸ் ஆயிட்டா. அந்தக் கூத்தைக் கேளுங்க. அந்தச் சமயம் பார்த்து எனக்கு டெங்கு. ஆஸ்பத்திரியில டிரிப்ஸ் ஏத்திப் படுக்க வச்சுட்டாங்க. போனைச் செண்பகம் பிடுங்கி வச்சுக்கிட்டா. எக்ஸாமினர் யாருன்னுகூட எனக்குத் தெரியாது. யாருமே ஒரு வார்த்தை சொல்லி வைக்காம எப்படிப் பாஸ் ஆனான்னு எனக்கு இன்னும் பிடிபடல சார். படுத்துக்கிட்டே ஆண்டாளுக்கு வேண்டிக்கிட்டேன், அதுவாத்தான் இருக்கணும். ஏன் சார் அப்படிப் பார்க்கறீங்க? சாதத்தை வச்சுட்டீங்களே, சாப்பிடுங்க.

இப்ப இந்த ஃபெல்லோஷிப் அப்ளிகேஷன் வந்துச்சா. அதுல ஒரு கேள்வி. 'பட்டமேற்படிப்புத் தேர்வில் தோல்வியுற்றிருந்தால் விளக்கம் தருக.' ரெண்டு தடவை படிச்சுப் பார்த்தேன். அப்புறம் யோசிச்சேன், நம்மகிட்டத்தான் காமாலை இருக்கே. எங்க குடும்ப டாக்டர்கிட்டப் போய் உக்காந்து சர்டிஃபிகேட் வாங்கிட்டு வந்துட்டேன். அவ கையில கொடுத்தா, அதை மேஜையில கவுத்து வச்சுட்டு, "கீழாநெல்லி குடிச்சது போதாதாப்பா?"ங்கறா. அவ்வளவுதான். எந்திரிச்சுப் போயிட்டா.

அப்புறம் அவளா என்னத்தையோ எழுதினா. பிரிண்ட் எடுக்கக் கடைக்குப் போனப்போ நானும் கூடப் போனேன், அப்பதான் படிச்சேன். 'இரண்டு முறை தோல்வியடைந்தேன். தேர்வு அறையில் நிதானம் இழந்தேன். அது என் குறை. வேறு யாரும் காரணம் இல்லை.' இவ்வளவுதான் சார், நாலே வரி. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்ல. நிதானம் இல்லாத டாக்டரை எவன் சேர்ப்பான்? குறைமாசப் பிள்ளையைத் தூக்கி இவ கையில எவன் கொடுப்பான்? சரி, அதுகூடப் போகட்டும். வேற யாரும் காரணம் இல்லைன்னு ஏன் எழுதணும்? யாராவது கேட்டாங்களா? அதைப் படிக்கிறவன், ஓ, வேற யாரோ இருக்கான் போலன்னு நினைக்க மாட்டானா? கடைக்காரன் முன்னாடியே கத்திட்டேன்.

வர்ற வழியில அவ ஸ்கூட்டரை ஓரமா நிறுத்திட்டா. ஹெல்மெட்டைக்கூடக் கழட்டல. "நான் வேற என்னப்பா எழுதறது? எங்கப்பா போய்ச் சொன்னார்னு எழுதினா, இவளும் சேர்ந்துதான் அனுப்பியிருப்பான்னு நினைப்பாங்க. காமாலைன்னா பொய். படிக்கலைன்னு எழுதினா அதுவும் பொய். எந்தப் பக்கம் போனாலும் அங்க நீங்க நிக்கறீங்கப்பா. என்னால மூச்சு விட முடியல"ன்னா. ரோட்டுல போறவங்க எல்லாம் திரும்பிப் பார்க்கறாங்க. நான் நிக்கறேனாம். அவளுக்கு வழி விடச் சொல்லித்தானே சார் ஒவ்வொரு வாசலாப் போய் நின்னேன்? இந்தப் பிள்ளைங்களுக்கு ஒண்ணும் புரியறதில்ல.

நேத்து லாட்ஜ்ல வச்சு என் கையைப் பிடிச்சு அவ தலைமேல வச்சுக்கிட்டா. யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேச மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்கன்னா. ஆஸ்பத்திரி வாசலுக்கே வரக்கூடாதாம், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கணுமாம். பிள்ளை தலைமேல கை வச்சுச் சத்தியம் பண்றது சாதாரண விஷயமா சார்? பண்ணேன். அதுக்காகப் பஸ் ஸ்டாண்டுல போய் உக்கார முடியுமா? அவ மேல போனதும் நான் பின்னாடி வாசல் வழியா இங்க வந்துட்டேன். ஆனா ஒண்ணு, இந்தத் தடவை நெசமாவே நான் ஒருத்தரையும் பார்க்கல. கேக்கறவங்க மூணு பேர்ல ஒருத்தர் வெளியூராம். ரிட்டயர் ஆன பெரிய டாக்டராம், நேத்தே வந்து கெஸ்ட் ஹவுஸ்ல தங்கியிருக்காராம். வாட்ச்மேன் சிவகாசிக்காரர், அவரா சொன்னார். நான் என்ன பண்ணேன் தெரியுமா? பேர்கூடக் கேக்கல. கேக்காம வந்துட்டேன். கால் ரெண்டும் கெஸ்ட் ஹவுஸ் பக்கமே இழுக்குது, வாய் நமநமங்குது, கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். வாழ்க்கையில இப்படி ஒரு கஷ்டம் நான் பட்டதில்ல சார். உங்களை மாதிரி ஒரு ஆள் கிடைச்சு, கொஞ்சம் மனசுவிட்டுப் பேசினதுல இப்பதான் லேசா இருக்கு. உங்ககிட்டப் பேசறதுல சத்தியம் ஒண்ணும் கெட்டுப் போகாதே. நீங்க யாரோ, நான் யாரோ.

என்னப்பா? யாரைத் தேடற? என்னையா? சார், இந்த அட்டெண்டர் உங்களைத்தான் கூப்பிடறார். ரெண்டு மணிக்கு ஆரம்பிச்சிடலாமான்னு மேடம் கேட்டாங்களாம். ஃபைலெல்லாம் மேஜையில வச்சாச்சாம். எந்த மேடம்? என்னத்தை ஆரம்பிக்கிறது?

சார்.

நீங்களா சார்?

ஏன் சார் சொல்லல? நடுவுல நிறுத்தியிருக்கலாமே. சொல்ல வந்தீங்களா? எப்போ? நான் விடலையா? ஆமா, நான் விட்டிருக்க மாட்டேன். பேரு வேற சொல்லிட்டேன் இல்ல? உக்காந்ததுமே சொன்னேன். ஊரு, பேரு, படிப்பு, எல்லாம்.

சார், நான் உங்களைத் தேடி வரல. நிழலுக்குத்தான் வந்தேன். நம்புங்க சார். அவ ரொம்ப நல்லா வேலை செய்வா, கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க சார்...

ஐயோ. இல்ல. இல்ல சார், அதை நான் சொல்லல. வாய் தானாச் சொல்லிடுச்சு. நீங்க எதையும் பார்த்துச் செய்ய வேணாம். தயவு பண்ணி எதுவுமே செய்ய வேணாம். அவளைப் பத்தி உள்ள ஒரு வார்த்தை பேசிடாதீங்க. நல்லதாக்கூடப் பேசாதீங்க சார். கும்பிட்டுக் கேக்கறேன். என் வாழ்க்கையில நான் யார்கிட்டயும் இப்படிக் கேட்டதில்ல.

நான் பேசினதை மறந்துடுங்க. மறக்க முடியாதா? ஆமா, எப்படி முடியும். அவ நிதானம் இழந்தது ஏன்னு இப்ப உங்களுக்குத் தெரியும். அவ எழுதின நாலு வரியைப் படிக்கும்போது என் மூஞ்சிதான் ஞாபகம் வரும். பாவம்னு அவளுக்கு ஒரு மார்க் அதிகமாப் போட்டீங்கன்னா அது நான் வாங்கிக் கொடுத்தது ஆயிடும். இந்த அப்பனோட பொண்ணு நமக்கு வேணாம்னு குறைச்சீங்கன்னா அதுவும் நான்தான். நான் சொன்னதுல ஒரு பொய் கிடையாது சார், அத்தனையும் நடந்தது. ஆனா என் வாயில வந்ததால அதுவும் சிபாரிசு ஆயிடுச்சே.

அவ வரும்போது எந்திரிச்சு வெளிய போயிடறேங்கறீங்க. பெரிய மனசு சார். ஆனா ஏன் போறீங்கன்னு மத்த ரெண்டு பேரும் கேப்பாங்கள்ல? அப்ப என்ன சொல்வீங்க? உள்ளதைத்தான் சொல்லியாகணுமா? இந்தப் பொண்ணோட அப்பா என்கிட்ட வந்து பேசினார்னு. மறுபடியும் அவங்க முன்னாடி, அவளை நிக்க வச்சு. வேற வழியே இல்லையா சார்? நீங்க உள்ள இருந்தாலும் நான் இருக்கேன், வெளிய வந்தாலும் நான் இருக்கேன். இதைத்தான் சார் அவ ரோட்டுல நின்னு சொன்னா. மூச்சு விட முடியலைன்னு இதைத்தான் சொன்னா.

நானே மேல போய் அவகிட்டச் சொல்லிடறேன். பேசிட்டேன்ம்மா, தெரியாம பேசிட்டேன்னு. உள்ள போறதுக்கு முன்னாடி அவளுக்குத் தெரியணும்ல. எந்திரிக்கணும். ஒரு நிமிஷம் இருங்க சார், போன். அவதான். நீங்க பேசிடாதீங்க.

சொல்லும்மா. ம். சாப்பிட்டேன். ஆமா, பஸ் ஸ்டாண்டுலதான். சத்தமே கேக்கலையா? ஒரு கடைக்குள்ள உக்காந்திருக்கேன்ம்மா, உள்ள தள்ளி. அப்படியா? ம். ம். இல்லம்மா, ஒருத்தர்கிட்டயும் பேசல. ம். சரிம்மா. சரி, வச்சிடு.

காலையில நல்லாப் பண்ணியிருக்காளாம் சார். ஒரு குழந்தைகிட்ட மத்தவங்க கவனிக்காம விட்டதை இவ கண்டுபிடிச்சுச் சொன்னாளாம். சிரிச்சுக்கிட்டே பேசறா, எவ்வளவு நாளாச்சு தெரியுமா. கிடைக்காட்டியும் பரவாயில்லப்பா, இந்தத் தடவை தோத்தா அது என்னோட தோல்வியாத்தான் இருக்கும், எனக்கு அது போதும்ங்கறா.

தேங்க்ஸ்ப்பாங்கறா சார்.